சேலத்தில் பஸ் ஓட்டுநராவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கத்திலிருந்து கனரக வாகனம் பழக வரும் இளைஞர்கள் கேட்பவையும், அவர்களை அழைத்துவரும் பெற்றோர் கேட்பவையும் இங்கே இருக்கின்றன. சில பதில்கள் நீளமானவை, சில ஒரே வரியில் முடிந்துவிடும். எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவு பதில் தேவைப்படுவதில்லை.

பஸ் ஓட்டுநராக வேண்டும் என்று ஆசை. முதல் அடி எது?

கார் லைசென்ஸ். பலருக்கு இதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிடுகிறது. நேரே பஸ்ஸில் ஏறி உட்காரலாம் என்று நினைத்து வருகிறார்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, இலகு ரக வாகன உரிமம், அதாவது கார் உரிமம், வாங்கி ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் பஸ், லாரி போன்ற போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம், அதாவது எல்.எல்.ஆர்., கிடைக்கும். கார் உரிமத்துக்கு 18 வயது. போக்குவரத்து வாகனத்துக்கு 20 வயது. 18 முடிந்தவுடன் கார் உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்பவர் 20 வயதில் தடையின்றி அடுத்த படிக்குப் போகிறார். 23 வயதில்தான் நினைவு வந்து ஓடிவருபவருக்கு ஓராண்டு வீணாகிறது.

கார் உரிமத்தைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். அந்த ஓராண்டில் யாருடைய காரையாவது, வேனையாவது உண்மையாகவே ஓட்டுங்கள். கிளட்ச்சும் கியரும் காலுக்கும் கைக்கும் பழகியவரா இல்லையா என்பது பஸ்ஸில் ஏறிய முதல் நாளே தெரிந்துவிடும்.

நான் எட்டாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. ஹெவி லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்கும். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியை மத்திய அரசு 2019-இல் நீக்கிவிட்டது. ஆனால் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள். உரிமத்துக்குப் படிப்பு வேண்டாம், அரசு வேலைக்குப் படிப்பு வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, உரிமமும் அனுபவமும் சேர்ந்த பிறகு விண்ணப்பம் போட முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு பாக்கி இருந்தால் தனித்தேர்வராக எழுதி முடித்துவிடுங்கள். பகலில் கிளீனராக இருந்துகொண்டே இரவில் படித்துத் தேறியவர்கள் இந்த ஊரில் இல்லாமல் இல்லை.

மருத்துவச் சான்றில் என்ன பார்ப்பார்கள்? கண்ணாடி போட்டிருக்கிறேன்.

போக்குவரத்து வாகன உரிமத்துக்குப் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று கட்டாயம். மருத்துவர் பார்வையைச் சோதிப்பார், நிறங்களைப் பிரித்தறிய முடிகிறதா என்று பார்ப்பார், மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்றெல்லாம் பார்த்துக் கையெழுத்திடுவார். கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் உரிமம் பெறுவதற்குத் தடையில்லை. நிறக்குருடு இருந்தால் அதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஒருவர் பயிற்சிக்கும் விண்ணப்பத்துக்கும் பணத்தையெல்லாம் கட்டிவிட்டுக் கடைசி மருத்துவச் சோதனையில் வெளியே வருவது கொடுமை. முதல் செலவாகக் கண் மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

எந்தப் பயிற்சிப் பள்ளியில் சேருவது? ஒரு இடத்தில் பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார்கள்.

எதை முடித்துத் தருகிறார்கள் என்று கேளுங்கள். படிவம் 5 என்ற பயிற்சிச் சான்றையா, பயிற்சியையா? போக்குவரத்து வாகன உரிமத்துக்கு அந்தச் சான்று இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. அதனால்தான் சான்று மட்டும் விற்கும் கடைகளுக்கும் வாடிக்கையாளர்கள் குறையவில்லை.

ஓர் அளவுகோல் சொல்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தபோது, இலகு ரக வாகனத்துக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம், கனரக வாகனத்துக்கு 6 வாரத்தில் 38 மணி நேரம் என்று வைத்தது. அந்த 38 மணி நேரத்தில் வகுப்பறைப் பாடமும் அடக்கம். நீங்கள் சேரும் பள்ளி அந்த வகை மையமாக இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை நேரில் பாருங்கள். பயிற்சி வண்டியில் ஒரே நேரத்தில் எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள்? எட்டுப் பேர் ஏறினால், இரண்டு மணி நேரத்தில் உங்கள் கைக்கு ஸ்டியரிங் வருவது கால் மணி நேரம்தான். வண்டி உண்மையில் பஸ் நீளம் உள்ளதா, அல்லது பழைய சிறிய லாரியா? பயிற்சியாளர் பக்கத்தில் தனி பிரேக் இருக்கிறதா? நான்காவதாக ஒன்று, காகிதத்தில் இராது: பயிற்சியாளர் திட்டுகிறவரா, விளக்குகிறவரா என்று பாருங்கள். திட்டு வாங்கிக்கொண்டு பழகியவர், பின்னால் பயணிகளையும் இரு சக்கர வண்டிக்காரர்களையும் திட்டிக்கொண்டே ஓட்டுகிறார். இது என் கணிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வழித்தடத்தையும் கேளுங்கள். புறவழிச்சாலையில் நேராக ஓட்டிக் காட்டுவது எளிது. கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் நாலு பக்கமும் லாரி வரும்போது உள்ளே நுழைவதும், செவ்வாய்ப்பேட்டை பக்கம் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே பின்புறம் தட்டாமல் திரும்புவதும்தான் பாடம். ஆடிப் பண்டிகை நாட்களில் கோட்டை மாரியம்மன் கோயிலைச் சுற்றிப் பாதையை மாற்றிவிடும்போது எந்தத் தெருவில் திருப்புவது என்று திகைக்காதவரைத்தான் சேலத்து ஓட்டுநர் என்று சொல்வேன்.

எல்.எல்.ஆர். வந்தபின் எத்தனை நாளில் சோதனைக்குப் போகலாம்?

30 நாள் கழித்து. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முதல் நாளே தேதி வாங்க அவசரப்பட வேண்டாம்.

ஆர்.டி.ஓ. சோதனையில் எங்கே கோட்டைவிடுகிறார்கள்?

இரண்டு இடங்களில். ஒன்று, ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்புவது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைக்கொண்டோ ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையும் கொண்டோ, பின்னால் உருளாமல் மறுபடியும் கிளப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. சமதளத்தில் மட்டும் பழகியவருக்கு இது வராது. இரண்டு, பின்னோக்கி எடுப்பது. பஸ்ஸின் பின்பக்கம் எங்கே போகிறது என்பதைக் கண்ணாடியில் பார்க்காமல், தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கக் கண்ணாடியும் வேண்டும், உதவிக்கு ஆளும் வேண்டும்.

வண்டியில் ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி வந்து டயர், விளக்கு, கண்ணாடி பார்க்கிற பழக்கத்தையும் அதிகாரி கவனிப்பார். நேரே கதவைத் திறந்து ஏறி உட்காருபவர் மேல் நல்ல எண்ணம் வருமா?

ஹெவி லைசென்ஸ் 20 வயதில் கையில். அரசு பஸ்ஸுக்கு 24 என்கிறார்களே. நடுவில் நாலு வருடம் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் எனக்கு முக்கியமானது இது. அரசுப் பணிக்கு 18 மாதக் கனரக வாகன அனுபவம் கேட்கிறார்கள். அதை வெறும் காகிதமாகத் தேடுபவரும் உண்டு, அந்த ஆண்டுகளில் உண்மையாகவே கையைப் பழக்குபவரும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே சான்றுதான் கிடைக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டியை விட்டால் யார் எவர் என்று தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் முழுக்க லாரிகளும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளும்தான். வேலை கேட்டால் கிடைக்கும். முதலில் ஒரு நல்ல மூத்த ஓட்டுநருக்குக் கிளீனராகப் போங்கள். மானக்கேடு என்று நினைக்காதீர்கள். டயர் மாற்றுவது, பிரேக்குக்குக் காற்றைச் சேர்த்துவைக்கும் ஏர் டேங்க்கில் தண்ணீர் வடிப்பது, பிரேக் தளர்ந்திருப்பதை மிதியிலேயே உணர்வது எல்லாம் அங்கேதான் படியும். லாரியில் ஓர் ஆண்டு, பிறகு மினி பஸ் அல்லது தனியார் நகரப் பேருந்து: என்னைக் கேட்டால் இதுதான் வரிசை. மினி பஸ் சிறியது என்று இளக்காரம் வேண்டாம். 25 பேர் உட்காரும் வண்டியில் கிராமத்துச் சந்துகளில் நாளெல்லாம் ஏற்றி இறக்குபவர், பெரிய பஸ்ஸில் ஏறும்போது நிறுத்தத்தில் வண்டி நிறுத்தவாவது கற்றுக்கொண்டிருப்பார்.

பள்ளி வாகனத்துக்கு முதலில் போக வேண்டாம். 2012-இல் தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகளே கொண்டுவந்தது. குழந்தைகளை ஏற்றும் வண்டி கை பழகும் இடம் அல்ல.

எங்கே வேலை பார்த்தாலும் முதலாளியிடம் தேதி, வண்டி எண், வண்டியின் வகை எல்லாம் எழுதிய கடிதம் வாங்கி வையுங்கள். பேட்டா மட்டும் வாங்கிக்கொண்டு எழுத்தே இல்லாமல் மூன்று வருடம் ஓட்டியவர், விண்ணப்ப நேரத்தில் பழைய முதலாளி வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

லாரி ஓட்டியவருக்கு பஸ் எளிதுதானே?

வண்டி எளிது, வேலை எளிதல்ல. மூட்டை எழுந்து நிற்காது. பஸ்ஸில் நிறுத்தம் வருவதற்கு முன்பே பாட்டி எழுந்து நின்றுவிடுவார். லாரிக்காரர் மிதிக்கும் பிரேக்கை அங்கே மிதித்தால் பத்துப் பேர் முன்னால் வந்து விழுவார்கள். படிக்கட்டில் கால் வைத்தவர் உள்ளே வந்துவிட்டாரா என்று இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார் என்பது உங்கள் கண்ணுக்கு மாற்று ஆகாது.

ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டத் தனியாக என்ன கற்க வேண்டும்?

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட செங்குத்து உயரத்தை ஒரே மூச்சில் ஏறி, அதே வண்டியை அதே சுமையோடு இறக்குகிறீர்கள்.

ஏறுவதை யாரும் கேட்பதில்லை. எஞ்சின் பலம் இருந்தால் ஏறிவிடும். இறங்குவதுதான் கலை. பழைய ஓட்டுநர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. காரணம் எளிமையானது. கால் பிரேக்கை இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறும், லைனிங் பிடிப்பை இழக்கும். அப்போது மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். எஞ்சின் புகை வெளியேறுவதை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால் பிரேக் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் மட்டும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் போடுபவரை வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டும். அவரிடம் வாதம் செய்து பயனில்லை.

ஏர் பிரேக் வண்டியில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்கை அடிக்கடி விட்டு விட்டு மிதித்தால் டேங்க்கில் காற்று தீரும், கம்ப்ரஸர் நிரப்புவதற்கு முன் அழுத்தம் இறங்கும். ஒரே சீராக, தேவைப்படும்போது மட்டும் அழுத்திப் பழகுங்கள்.

அடுத்து வளைவு. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் முன்பக்கத்தை அகலமாக வெளியே கொண்டுபோய்த் திருப்ப வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி எதிர்ப்பக்கமாக வீசும். அந்தப் பக்கம் நிற்கும் ஸ்கூட்டர்க்காரர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். சனி, ஞாயிறுகளில் வளைவிலேயே வண்டியை நிறுத்திக் குரங்குக்குத் தீனி போடுபவர்கள், செல்ஃபி எடுப்பவர்கள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வருவார்கள். அகலம் போதாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. மேலே வரும் கார்க்காரருக்கு அது தெரியாமல் இருக்கலாம், கீழே வரும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, எதிரில் வண்டி இருந்தால் வளைவுக்கு மேலேயே காத்திருங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் யோசிக்க இடமில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனியும் மண்சரிவும் சேரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ஏற்காட்டுக்கான இன்னொரு பாதையான குப்பனூர் வழி கைகொடுக்கும். ஆனால் அந்தப் பாதையை முன்பே ஓட்டிப் பழகியிருந்தால்தான் கைகொடுக்கும்.

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போயின. காரணத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கதைகளில் எனக்கு ஆர்வமில்லை. அதன் பிறகு பழக வந்த பையன்கள் சிலர் மலைப் பக்கம் வரவே மாட்டேன் என்றார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்: பயம் இருப்பது நல்லது, ஆனால் கற்காமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகாது. நம் சேலம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் எல்லைக்குள்தான் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபின் மலை டியூட்டி வேண்டாம் என்று எவ்வளவு நாள் சொல்வீர்கள்?

செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு. ஒரு வார நாளில் ஏற்காடு பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து போய் வாருங்கள். வெளியே பார்க்க வேண்டாம். ஓட்டுநரின் இடது கையையும் வலது காலையும் மட்டும் பாருங்கள். எந்த வளைவுக்கு எவ்வளவு முன்னால் கியர் குறைக்கிறார், எங்கே பிரேக்கைத் தொடவே இல்லை என்று மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒண்டிக்கடையில் இறங்கி டீ குடிக்கும்போது, ‘அண்ணே, ஒரு சந்தேகம்’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லித் தருவார்கள்.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் சேர என்ன தகுதி?

சேலம் கழகம் 1973-இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் என்ற பெயரில் தொடங்கியது. இன்று சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பார்த்துக்கொள்கிறது. 2025 மார்ச்சில் மாநிலம் முழுவதும் உள்ள கழகங்களுக்கு 3,274 ஓட்டுநருடன் இணைந்த நடத்துநர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். அதில் சேலத்துக்கு 486.

அந்த அறிவிப்பில் கேட்டவை இவை: பொதுப் பிரிவினருக்கு வயது 24 முதல் 40 வரை, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் முன்னாள் படைவீரருக்கும் தளர்வு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல், கனரக வாகன உரிமம், 18 மாத அனுபவம், நடத்துநர் உரிமம், முதலுதவிச் சான்று, உயரம் 160 சென்டிமீட்டர், எடை 50 கிலோவுக்குக் குறையாமை. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். கட்டணம் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு வரியோடு 590 ரூபாய், மற்றவர்களுக்கு 1,180 ரூபாய். எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் செய்முறைத் தேர்வு, நேர்காணல் என்று மூன்று கட்டம்.

அடுத்த அறிவிப்பில் இவை மாறலாம். அன்றைய அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். உரிமங்கள் இந்தத் தேதிக்கு முன் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பலருடைய ஆசை அந்த வரியில்தான் முடிந்துபோகிறது. அறிவிப்பு வந்தபின் நடத்துநர் உரிமத்துக்கு ஓடினால் கிடைக்கும், ஆனால் தேதி தாண்டியிருக்கும்.

ஓட்டுநர் வேலைக்கு நடத்துநர் உரிமம் எதற்கு? டிக்கெட் கிழிப்பதா என் வேலை?

ஆம், தேவைப்பட்டால் கிழிக்க வேண்டும். பதவியின் பெயரே அப்படித்தான் இருக்கிறது. ஒரே ஆளை இரண்டு வேலைக்கும் அனுப்ப முடிந்தால் ஆள் வராத நாளில் பணிமனை மேலாளருக்கு வசதி. நடத்துநர் உரிமத்துக்கு 18 வயது போதும். முதலுதவிப் பயிற்சிச் சான்று வாங்கும் அலைச்சலைச் சேர்த்து இரண்டையும் கார் உரிமக் காலத்திலேயே முடித்துவிடலாம்.

முதலுதவி வகுப்பைச் சான்றுக்காக மட்டும் உட்கார்ந்து கேட்காதீர்கள். வாழப்பாடி தாண்டி நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை அங்கே இருக்கிற ஆள் நீங்கள்தான்.

எழுத்துத் தேர்வுக்கு எதைப் படிப்பது?

போக்குவரத்துச் சின்னங்கள், சாலை விதிகள், வண்டியின் அடிப்படைப் பாகங்கள், பத்தாம் வகுப்பு அளவில் தமிழும் பொது அறிவும் கணக்கும். பத்து வருடம் வண்டி ஓட்டியவர்கள் சின்னங்களில் தடுமாறுவார்கள். பார்த்துக்கொண்டே இருப்பதால் படிப்பதில்லை.

ஒருவர் மூன்று லட்சம் கொடுத்தால் டெப்போவில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். நம்பலாமா?

கூடாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. எதற்குக் கொடுத்தீர்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதித் தர வேண்டியிருக்கும்.

தனியார் பஸ் நல்லதா, அரசு பஸ் நல்லதா?

தனியார் பஸ்ஸில் நேரப் போட்டி உண்டு. முன்னால் போகும் பஸ்ஸுக்கும் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் நடுவே கலெக்‌ஷன் எடுக்க வேண்டும், அந்த அழுத்தம் ஆக்ஸிலரேட்டர் வழியாகத்தான் வெளியே வரும். ஆனால் கை வேகமாகத் தேறும், வேலையும் உடனே கிடைக்கும். அரசு பஸ்ஸில் சம்பளம், விடுப்பு, ஓய்வுக்காலப் பலன் எல்லாம் ஒழுங்கு, காத்திருப்புதான் நீளம். அறிவிப்பு எப்போது வரும் என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பவரைவிட, தனியார் பஸ்ஸில் ஓட்டிக்கொண்டே காத்திருப்பவர் செய்முறைத் தேர்வில் நன்றாக ஓட்டுகிறார்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும்?

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. நடைமுறையில் டியூட்டி என்பது வண்டி ஓடும் நேரம் மட்டுமல்ல: வண்டி எடுப்பதற்கு முன் சரிபார்ப்பு, இரண்டு நடைக்கு நடுவே காத்திருப்பு, கடைசியில் வண்டியை விட்டுவிட்டுக் கணக்கு முடிப்பது எல்லாம் உண்டு. விடியற்காலை நடைக்கு மூன்றரை மணிக்கே எழ வேண்டும். இரவு டியூட்டி முடிந்து வந்து பகலில் கல்யாண வேனுக்கு ஒத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சம்பளம் வரும், தூக்கம் வராது. தூக்கம் இல்லாத கண்ணுக்கு எந்த மருத்துவச் சான்றும் உதவாது.

முதல் நாள் இரவு குடித்தால் மறுநாள் காலை தெரியுமா?

தெரியும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நள்ளிரவு வரை குடித்தவர் ரத்தத்தில் காலை ஐந்து மணிக்கும் அது இருக்கும். எலுமிச்சைச் சாறு, மோர் என்று ஊரில் சொல்லும் எதுவும் அதைக் குறைக்காது. கருவியில் ஊதச் சொல்வது டியூட்டி தொடங்கும் முன்புதான் என்பதால் மற்றவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். வேலையைவிட அந்த அவமானம் பெரிது என்று சொல்கிறவர்கள் உண்டு.

விபத்து நடந்தால் முதலில் ஓடிவிடு என்று சொல்லித் தருகிறார்களே?

தவறாகச் சொல்லித் தருகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. கூட்டம் கொதித்து உயிருக்கு ஆபத்து வரும் நிலையை அதே பிரிவு விலக்காக ஏற்றுக்கொள்கிறது. அந்த நிலையில் அங்கே நிற்க முடியாவிட்டால் நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஓடி ஒளிந்தவருக்கு நீதிமன்றத்தில் தன் பக்கத்தைச் சொல்ல வாய் இருக்காது.

என் மகள் பஸ் ஓட்ட ஆசைப்படுகிறாள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசு பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அன்றைக்கும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். உரிம விதிகளில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. இன்றைய பஸ்களில் பவர் ஸ்டியரிங் வந்துவிட்டதால் தோள் பலம் என்ற பழைய வாதமும் எடுபடாது. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: இரவு தங்கும் டியூட்டி, தூரத்து நிறுத்தங்களில் கழிப்பறை, கிளீனராகக் கற்றுக்கொள்ளும் வழி பெண்ணுக்கு மூடியே இருப்பது. அதனால் பயிற்சி மையத்தில் கூடுதல் மணி நேரம் பணம் கட்டி வாங்குங்கள். மினி பஸ்ஸில் பகல் நேர வேலை பேசிப் பாருங்கள். மகள் 18 வயதில் கார் உரிமம் வாங்கும்போது அப்பாவும் கூடப் போனால் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள்.

உரிமத்தை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்?

போக்குவரத்து வாகன உரிமம் 5 ஆண்டு செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் 3 ஆண்டாக இருந்தது. காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இருந்த 30 நாள் சலுகைக் காலம் இப்போது இல்லை. உரிமம் முடிந்த மறுநாள் ஸ்டியரிங் பிடித்தாலே அது உரிமம் இல்லாமல் ஓட்டியதாகும். அன்றைக்கு விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் படிவம் 1ஏ மருத்துவச் சான்று மறுபடியும் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதற்கு ஆறு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வாருங்கள்.